பேஸ் கிட்டாரின் ஒலியில் கேபிளுக்கு என்ன பங்கு?

பேஸ் கிட்டாரை ஆம்போடு, அதாவது ஒலியைப் பெருக்கும் கருவியோடு, இணைக்கும் கேபிளை மாற்றினால் ஒலி மாறுமா என்று கேட்டால், நிச்சயம் மாறும் என்று சிலரும், மாறவே மாறாது என்று சிலரும் அடித்துச் சொல்கிறார்கள். இரு தரப்பினரும் தம் காதால் கேட்டதைத்தான் சொல்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஒருவர் வாசிப்பது பேட்டரி இல்லாத பாசிவ் பேஸ், மற்றவர் வாசிப்பது சிக்னலை முதலிலேயே வலுப்படுத்தும் ப்ரீஆம்ப் என்ற சிறு மின்சுற்றை உள்ளேயே பொருத்திய ஆக்டிவ் பேஸ் என்பதை யாரும் முதலில் கேட்டுக்கொள்ளாததால்தான் பேச்சு முடிவில்லாமல் நீள்கிறது. பாசிவ் பேஸில் கேபிள் ஒலியை மாற்றுகிறது. அது எப்படி, எந்த அளவுக்கு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றுவது பிக்கப். பாசிவ் பேஸின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடி போன்ற மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி உருவாக்கிய சுருள். அத்தனை சுற்றுகள் இருப்பதால் அதன் மின்தூண்டல் சில ஹென்றி அளவுக்குப் போய்விடுகிறது. மறுபக்கம், கேபிளின் நடுவில் ஓடும் கம்பியும், இரைச்சலைத் தடுக்க அதைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டும், இடையில் உள்ள பிளாஸ்டிக் உறையோடு சேர்ந்து, கேபிளின் முழு நீளத்துக்கும் ஒரு மின்தேக்கியாகவே அமைந்துவிடுகின்றன. மின்தேக்குத்திறனைப் பிகோஃபாரட்டில் அளப்பார்கள்; மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்பது நடுத்தரமான அளவு. சில வகைகளில் அது 50 வரை இறங்கும், சிலவற்றில் 150ஐத் தாண்டும். சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த இடத்தில் ஓர் ஒத்ததிர்வு உண்டாகும். அந்த அதிர்வெண்ணை ஒட்டி ஒலி சற்று மேடாக எழும்பி, அதற்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும்.

4 ஹென்றி மின்தூண்டலும், தனக்கென்று 100 பிகோஃபாரட் மின்தேக்குத்திறனும் கொண்ட ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள 3 மீட்டர் கேபிளை அதில் செருகினால் அந்த மேடு ஏறத்தாழ 4000 ஹெர்ட்ஸில் அமையும். அதே கேபிள் 9 மீட்டர் நீளமாக இருந்தால் மேடு 2500 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இதைச் சிறிய மாற்றம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. அதுமட்டுமல்ல, வால்யூம், டோன் குமிழ்களின் மின்தடை இந்த மேட்டை எப்போதும் ஓரளவு அமுக்கி வைத்திருந்தாலும், மேடு கீழே இறங்க இறங்க அந்த அமுக்கம் குறைவதால், நீளமான கேபிளில் அது இன்னும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். பழைய தொலைபேசிக் கம்பிபோல் சுருண்டிருக்கும் நீளமான கேபிளின் ஒலியைச் சிலர் விரும்பித் தேடுவதற்குக் காரணம் பழைய நினைவு மட்டுமல்ல. மேல் ஒலி குறைவதோடு 2500 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் உறுமலும் சேர்கிறது, அது சில பாடல்களுக்கு மிகவும் பொருந்துகிறது.

கேபிளை மாற்றியதும் அடி ஒலி கூடிவிட்டது என்று சொல்வதை மட்டும் ஏற்பதற்கில்லை. நான்கு தந்தி பேஸில் திறந்த ஈ தந்தியின் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். ஜி தந்தியின் 20ஆவது ஃப்ரெட்டில் வாசித்தாலும் அடிப்படைச் சுரம் 311 ஹெர்ட்ஸ்தான். ஆகவே வாசிக்கும் சுரங்களின் அடிப்படை அதிர்வெண்கள் எதையும் எந்தக் கேபிளும் தொடுவதில்லை. மாறுவதெல்லாம் மேலடுக்குச் சுரங்களும், விரல் தந்தியை உரசும் சத்தமும், தந்தியைக் கட்டைவிரலால் அடித்து ஸ்லாப் முறையில் வாசிக்கும்போது தந்தி ஃப்ரெட்டில் மோதி எழும் உலோகச் சத்தமும்தான். மேல் ஒலி குறையும்போது அடி ஒலி முன்னே வந்ததுபோல் காதுக்குத் தோன்றுகிறது. அந்த அனுபவம் உண்மையானது, அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு.

இந்த வேறுபாட்டைப் பல சூழல்கள் முழுவதுமாக மறைத்துவிடும். மேல் ஒலிக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் இல்லாத பேஸ் கேபினெட்டில் 4000, 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெளிவருவதே சொற்பம். தட்டையான கம்பி சுற்றிய ஃபிளாட்வவுண்ட் தந்திகளிலோ மாதக்கணக்கில் வாசித்துத் தேய்ந்த தந்திகளிலோ அந்தப் பகுதியில் இழப்பதற்கே அதிகம் இருக்காது. டோன் குமிழை முழுவதும் மூடி வாசிப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது, ஏனெனில் பாசிவ் பேஸின் டோன் குமிழுக்குப் பின்னால் வழக்கமாக இருக்கும் மின்தேக்கி 47,000 பிகோஃபாரட். 9 மீட்டர் கேபிளின் 900 அதன் முன்னே ஒன்றுமே இல்லை. முழு இசைக்குழுவோடு வாசிக்கும்போது சிம்பலும் கிட்டாரும் அதே இடத்தை நிரப்பிவிடும். உருண்டைக் கம்பி சுற்றிய புதிய ரவுண்ட்வவுண்ட் தந்திகளோடு நேரடியாகப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்கும்போதுதான் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இதைச் சோதித்துப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கேபிளைக் கழற்றி இன்னொன்றைச் செருகுவதற்குள் காது மறந்துவிடுகிறது, கையும் முன்புபோலவே தந்தியைத் தொடுவதில்லை. நான் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது: ஒரு சிறிய உலோகப் பெட்டியில் இரண்டு ஜாக்குகள், ஒரு சுவிட்ச், 680 பிகோஃபாரட் மின்தேக்கி ஒன்று. சுவிட்சைத் தட்டினால் அந்த மின்தேக்கி சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் சேர்ந்துகொள்ளும். பெட்டியின் இருபுறமும் உள்ள கேபிள்களின் மொத்த நீளம் 3 மீட்டர் என்றால், ஒரு தட்டலில் அது ஏறத்தாழ 10 மீட்டராக நீண்டதற்குச் சமம். ஒரே சுரத்தைத் தொடர்ந்து வாசித்தபடி இன்னொருவரைச் சுவிட்சைத் தட்டச் சொன்னால், எப்போது தட்டினார் என்பதை டோன் குமிழ் முழுவதும் திறந்திருக்கும்போது ஹெட்போனில் சொல்லிவிட முடிகிறது: விரல் தந்தியை விட்டு விலகும் அந்தக் கணத்தின் கூர்மை மழுங்கும், சுரத்தின் உடல் அப்படியே இருக்கும். டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டால் எனக்கு எதுவும் பிடிபடுவதில்லை. கேபிளுக்குப் பெரும்பணம் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் இந்தப் பெட்டியைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வால்யூம் குமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கேபிளின் தாக்கம் மிகுதியாகத் தெரிவது அங்கேதான். 250 கிலோ ஓம் குமிழை அதன் மின்தடையின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தால், சிக்னலின் பாதையில் 60 கிலோ ஓமுக்கு மேல் சேர்ந்துவிடும். அந்த நிலையில் 9 மீட்டர் கேபிள் இருந்தால் 3000 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழேயே மேல் ஒலி தேயத் தொடங்கும்; 3 மீட்டர் கேபிளாக இருந்தால் இதே தேய்வு 8000 ஹெர்ட்ஸைத் தாண்டித்தான் வரும். வால்யூமைக் குறைத்ததும் ஒலி மந்தமாகிறது என்று பேஸைக் குறைசொல்பவர்கள், ஒருமுறை குட்டையான கேபிளில் வாசித்துப் பார்ப்பது நல்லது.

ஆக்டிவ் பேஸில் கதை வேறு. உள்ளே உள்ள ப்ரீஆம்ப் சிக்னலை 1000 ஓம் அளவிலான குறைந்த இம்பீடன்ஸில் (மாறுமின்னோட்டத்துக்கான தடையில்) வெளியே அனுப்புவதால், 1000 பிகோஃபாரட் கேபிளைச் செருகினாலும் ஒலி தேயத் தொடங்கும் இடம் 1,50,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடுகிறது. மனிதக் காதின் எல்லை 20,000. பாசிவ் பேஸிலும் முதலில் வரும் பஃபர் பெடல் (ப்ரீஆம்ப் போலவே சிக்னலைக் குறைந்த இம்பீடன்ஸில் அனுப்பும் பெடல்) வரையிலான கேபிள் மட்டுமே கணக்கில் வரும். அதற்குப் பிறகு எத்தனை மீட்டர் ஓடினாலும் பிக்கப்புக்குத் தெரியாது. வயர்லெஸுக்கு மாறியதும் ஒலி பளிச்சென்று ஆகிவிட்டதாகச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

ஆக்சிஜன் நீக்கிய செம்பு, தங்க முலாம், சிக்னல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று காட்டும் அம்புக்குறி ஆகியவற்றுக்கு அதிக இடம் தர எனக்கு மனமில்லை. ஆம்பின் உள்ளீடு வழக்கமாக 10 லட்சம் ஓம். அதன் முன் செம்பின் ஓர் ஓம், அரை ஓம் வேறுபாடு எங்கும் கேட்கப்போவதில்லை.

ஒலியின் நிறத்தைவிட இரைச்சலில்தான் நல்ல கேபிளும் மோசமான கேபிளும் தெளிவாகப் பிரிகின்றன. பேஸ் வாசிப்பவருக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். ஹம் எனப்படும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம், ஈ தந்தியின் 3ஆவது ஃப்ரெட்டில் உள்ள ஜி சுரத்தின் 49 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் அது ஏ தந்தியின் முதல், இரண்டாம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் விழுகிறது. ஹம்மைக் குறைக்க அடி ஒலியை வெட்டினால் நம் சுரமும் சேர்ந்தே போய்விடும். ஆகவே ஷீல்டு இடைவெளியில்லாமல் நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்க வேண்டும். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் தானே வாங்கிக்கொள்ளும் ஹம்மை எந்தக் கேபிளாலும் தடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, கேபிளை மிதிக்கும்போதும் அசைக்கும்போதும் வரும் பொத் என்ற சத்தம். உறையும் ஷீல்டும் உரசுவதால் உண்டாகும் மின்னூட்டமே அதற்குக் காரணம். அதைத் தடுக்க, தரமான கேபிள்களில் உறையின்மேல் மின்கடத்தும் பிளாஸ்டிக் அடுக்கு ஒன்று சேர்த்திருப்பார்கள். பேஸ் ஆம்ப் அந்தப் பொத் சத்தத்தை உதை டிரம் அளவுக்குப் பெருக்கிக் காட்டும் என்பதால், கேபிளை எடுத்துப் பார்க்கும்போது நான் முதலில் செய்வது, ஆம்பில் செருகித் தரையில் மெதுவாகத் தட்டிப் பார்ப்பதுதான்.

அடுத்ததாகப் பிளக்கின் மூடியைத் திருகித் திறக்கிறேன். சால்டர் பளபளப்பாக, கம்பியோடு ஒட்டிப் படர்ந்திருக்க வேண்டும். மங்கலாகக் குமிழ்போல் நின்றால் அது சில மாதங்களில் விட்டுப்போகும். கேபிளின் வெளியுறையைக் கவ்விப் பிடிக்கும் பிடிப்பு உறுதியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வோர் இழுப்பும் அந்த சால்டரின்மேல் விழும். மின்தேக்குத்திறனை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், கேபிளின் மறுமுனையை எதிலும் செருகாமல் விட்டுவிட்டு, பிளக்கின் நுனியிலும் உடலிலும் முனைகளை வைத்தால் போதும். வரும் எண்ணை நீளத்தால் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை பிகோஃபாரட் என்று தெரிந்துவிடும். பாசிவ் பேஸுக்கு அந்த எண் 100ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் எடுத்துக்கொள்கிறேன். ஆக்டிவ் பேஸுக்கு அதை அளப்பதே இல்லை.