நியூகாசில், 1947: இறப்புச் சான்றிதழ் சொல்லாதவை

இங்கிலாந்தின் வடகிழக்கில், நிலக்கரியையும் கப்பல் கட்டும் தொழிலையும் நம்பி வாழ்ந்த நியூகாசில் நகரில், 1947 மே, ஜூன் மாதங்களில் பிறந்த 1142 குழந்தைகளை அவர்களுடைய வீடுகளுக்கே சென்று தொடர்ந்து கவனிக்க, ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் முற்பட்டார்கள். மருத்துவ வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் முயற்சிகளுள் இது ஒன்று. சான்றிதழில் ‘நிமோனியா’ என்று எழுதினால் இறப்புக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தக் குழந்தை எத்தனை பேருடன் ஒரே அறையில் படுத்திருந்தது, வீட்டில் யார் இருமிக்கொண்டிருந்தார்கள் என்பதை அறிய வாசற்படி ஏறித்தான் ஆக வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1900இல் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. 1947இல் அது 40ஐ ஒட்டி இறங்கியிருந்தது. இந்தச் சராசரியைக் கண்டு நிறைவடைந்தவர்கள், அதற்குள் மறைந்திருந்த ஏற்றத்தாழ்வைக் கவனிக்கவில்லை. முதல் மாத இறப்புகளுக்குக் குறைமாதப் பிறப்பும், பிரசவத்தில் நேர்ந்த காயமும், பிறவிக் குறைபாடும் முதன்மைக் காரணங்களாக இருந்தன. அவை வசதியானவர் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. முதல் மாதத்தைக் கடந்த குழந்தைகளைக் கொன்றவை பெரும்பாலும் நிமோனியா, கக்குவான் இருமல், வயிற்றுப்போக்கு போன்ற தொற்றுகள். நெரிசலான வீட்டில், பள்ளிக்குச் செல்லும் அண்ணனோ அக்காளோ கொண்டுவரும் சளி தொட்டிலை எட்டுவதற்கு நெடுநேரம் ஆவதில்லை. பல குடும்பங்களுக்கு ஒரே குழாய், பொதுக் கழிப்பறை என்றிருந்த இடத்தில் புட்டிப்பாலைத் தூய்மையாகத் தயாரிப்பதும் எளிதன்று. ஆகவே தொழிலாளர் குடும்பங்களிலேயே இத்தகைய இறப்புகள் மிகுந்திருந்தன.

இதற்கெல்லாம் தாயின் அறியாமையே காரணம் என்று சொல்லும் வழக்கம் அந்நாட்டில் வெகுகாலம் நிலவியது. அதை நான் அநீதியாகவே கருதுகிறேன். தாயின் திறமையைப் பொறுத்துக் குழந்தையின் நலம் வேறுபடும் என்பதை ஸ்பென்ஸும் மறுக்கவில்லை. ஆனால், நோயுற்ற குழந்தையுடன் தாயையும் மருத்துவமனையில் தங்கவைத்து, அவளே பராமரிக்கும் முறையை அவர் 1920களிலேயே அந்நகரில் தொடங்கியிருந்தார். தாயைக் குற்றவாளியாகப் பார்த்த ஒருவர் இப்படிச் செய்திருக்க முடியாது.

தொற்றுகளை எதிர்க்கும் சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் 1948இல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவையும் பல உயிர்களைக் காத்தன. 1950இல் குழந்தை இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 30 அளவுக்குக் குறைந்தது. வீடுகளோ அவ்வளவு விரைவாக மாறவில்லை. நியூகாசிலின் ஸ்காட்ஸ்வுட் சாலையை ஒட்டிய பழைய குடியிருப்புகள் பெருமளவில் இடிக்கப்பட்டது 1960களில்தான். அதற்குள் அந்த ஆய்வுக் குழந்தைகள் பதின்ம வயதை எட்டியிருந்தார்கள்.