அந்த 'ச்' இருக்கட்டும்

ஜூன் 3, பொகவந்தலாவை, இலங்கை மலையகம்

அண்ணன் பிள்ளைக்குப் பெயர் முடிவாகிவிட்டது. மகம் மூன்றாம் பாதம், 'மு' எழுத்து என்று கோயில் ஐயர் குறித்துக் கொடுத்தார். அண்ணியின் அம்மா முத்தம்மா, எங்கள் அம்மா செல்வநாயகி. இரண்டு பேரையும் ஒரே பெயரில் சேர்த்துவிடலாம் என்று அண்ணிதான் சொன்னார். செல்வமுத்து என்றால் ஆண்பிள்ளைப் பெயர் மாதிரி இருக்கிறது, எழுத்தும் பொருந்தாது. அதனால் முத்துச்செல்வி. மகத்தில் பிறந்தவள் ஜெகத்தை ஆள்வாள் என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 5

பெயரில் சண்டை இல்லை, எழுதுவதில்தான். அண்ணன் 'முத்து செல்வி' என்று இடம்விட்டு எழுதுகிறார். அண்ணியின் தம்பி 'முத்துசெல்வி' என்கிறார், ச் போட்டால் பழைய காலத்துப் பெயர் மாதிரி தெரிகிறதாம். நான் ச் வேண்டும் என்கிற கட்சி. அத்தைக்குப் பெயர் வைப்பதில் உரிமை இருக்கிறதே, விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

முதலில் அந்த இடைவெளி. பள்ளிக்கூட இடாப்பில், அதாவது பெயர்ப் பதிவேட்டில், 'முத்து' தனியாக நின்றால் அது ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்றே தெரியாது. 'செல்வி' தனியாக நின்றால் இன்னும் மோசம். நம் படிவங்களில் திரு, திருமதி, செல்வி என்று கேட்கிறார்களே, அந்தச் செல்வியாக எடுத்துக்கொண்டு அதை வெட்டிவிடவும் கூடும். பாஸ்போர்ட் எடுக்கப் போனால் எது குடும்பப் பெயர், எது மற்றப் பெயர் என்று அங்கே ஒரு குழப்பம். அப்பா பெயரும் முன்னால் வந்துவிடும், பிள்ளைக்கு மூன்று துண்டுப் பெயர் எதற்கு? இரண்டு பாட்டிகளைச் சேர்க்கத்தான் இந்தப் பெயரை வைத்தோம். சேர்த்தே எழுதுவோம்.

ஜூன் 6

இன்று ச் பற்றி அண்ணியின் தம்பியிடம் நிதானமாகப் பேசினேன். முத்துக்குமாரை யாராவது 'முத்துகுமார்' என்று கூப்பிடுகிறார்களா? எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே முத்துக்கருப்பன் தாத்தா இருக்கிறார். அந்தக் க் இல்லாமல் அவர் பெயர் வாயில் வராது. முத்து வன்றொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை அடுத்து வரும் குறுகிய உகரத்தில் முடியும் சொல். அதன் பின்னால் க, ச, த, ப வந்தால் அந்த வல்லினம் இரட்டிக்கும். க, ப வரும்போது இதைக் காது தானாகவே கேட்டுவிடுகிறது. ச வரும்போதுதான் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். ச் போட்டால் 'செ' அழுத்தமாக ஒலிக்கிறது, போடாவிட்டால் இளகி 'ஸெ' ஆகிவிடுகிறது. அந்த இளகிய ஒலி நாகரிகமாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். எனக்கு அந்த அழுத்தம்தான் அழகு. கலைச்செல்வி, தமிழ்ச்செல்வி என்று சொல்லிப் பாருங்கள், பெயர் நிமிர்ந்து நிற்கிறது.

அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "சரி அக்கா, தமிழில் நீங்கள் சொல்கிற மாதிரியே இருக்கட்டும், இங்கிலீஷை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். எனக்குப் பயமே அங்கேதான்.

ஜூன் 8

ஓர் எழுத்துக்கு ஏன் இவ்வளவு கூத்து என்று அண்ணன் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முத்தம்மா அம்மாவே சொல்லிவிட்டார். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், அவர் முத்தம்மா. அடையாள அட்டையில் முத்தம்மாள். காலமெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதியை எடுக்கப் போன இடத்தில், அந்த 'ள்' யாருடையது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி, பஸ் ஏறி இறங்கி, அப்புறம்தான் காசு கைக்கு வந்தது. அந்தக் கடதாசியை இன்னும் பொலித்தீன் பையில் போட்டு, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது.

அண்ணன் பிறகு ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 9

இங்கிலீஷ் எழுத்து. அண்ணியின் தம்பி எண்கணிதம் பார்த்து வந்திருக்கிறார். செல்விக்கு 'எஸ்', கடைசியில் இரண்டு 'ஐ' வந்தால் கூட்டுத்தொகை நன்றாக இருக்கிறதாம். பிள்ளை ஒவ்வொரு கவுண்டரிலும் "கடைசியில் இரண்டு ஐ" என்று சொல்லிக்கொண்டே வாழ வேண்டுமா? அது கூடவே கூடாது.

நான் 'சி எச்' போடச் சொன்னேன். அது வெளியூர் வழக்கம் இல்லை, இந்த நாட்டுத் தமிழர் எழுதிவந்ததுதான். மலையகத் தமிழரான எங்கள் மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த தமிழ்த் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் பெயர் 'சி எச்' போட்டுத்தான் எழுதப்படுகிறது. எங்கள் அம்மாவின் அட்டையிலும் செல்வநாயகி அப்படித்தான் இருக்கிறது. ஒரே ஒரு 'சி எச்' போதும், தமிழில் இரட்டிக்கிறது என்று அங்கேயும் இரட்டிக்கத் தேவையில்லை. முத்துவுக்கு 'டி எச்', அதுவும் ஒரு தடவைதான்.

சிங்களத்தையும் மறக்கக் கூடாது. அதில் 'ச'வுக்கு ஓர் எழுத்து, 'ஸ'வுக்கு வேறு எழுத்து. நாம் சொல்லாவிட்டால் எழுதுகிறவர் தனக்குக் கேட்டதைப் போட்டுவிடுவார். இப்போது அடையாள அட்டையில் மூன்று மொழியிலும் பெயர் வருகிறது. ஒன்றில் செல்வி, ஒன்றில் ஸெல்வி என்றால் முத்தம்மா அம்மாவின் கதை பேத்திக்கும் தொடரும்.

ஜூன் 12

மழை. பதிவுக்குப் போக முடியவில்லை. பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும், இன்னும் நேரம் இருக்கிறது. அண்ணன் பயிற்சிப் புத்தகத் தாளில் மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டார். சிங்களத்தைப் பக்கத்துப் பாடசாலைச் சிங்கள டீச்சரிடம் காட்டிச் சரிபார்த்தோம், 'ச' எழுத்துத்தான் என்று அவரும் சொன்னார்.

ஜூன் 14

பதிந்தாகிவிட்டது. பதிவாளர் முதலில் ச் இல்லாமல் எழுதப் போனார், அண்ணன் தாளை நீட்டி, "ஐயா, இதில் இருக்கிற மாதிரியே போடுங்கள்" என்றாராம். ஒரே சொல், ச் இருக்கிறது. அண்ணியின் தம்பி மட்டும் போனில் இன்னும் இரண்டு 'ஐ' என்கிறார். செல்லப் பெயருக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும்.