73 என்று வந்த பதில்

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில் தரவுப் பாக்கெட்டுகளை அனுப்பப் பயன்படும் ஏஎக்ஸ்.25 நெறிமுறையின் 2.2 பதிப்பை, ஆவணத்தைப் பக்கத்திலேயே விரித்து வைத்துக்கொண்டு, வரி பிசகாமல் மென்பொருளாக எழுதினேன். 1984-இல் வந்த 2.0 பதிப்பில், கிடைத்தது என்ற ஒப்புதல் மறுமுனையிலிருந்து வருவதற்கு முன் 7 ஃபிரேம்களுக்கு, அதாவது தரவுத் துண்டுகளுக்கு, மேல் அனுப்ப முடியாது. 1998-ஆம் ஆண்டின் 2.2-இல் அது 127 ஆனதோடு, கெட்டுப்போன ஃபிரேமை மட்டும் திரும்பக் கேட்கும் வசதியும் சேர்ந்தது. இவ்வளவு பயனுள்ள மாற்றம் எப்போதோ எல்லா நிலையங்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்றே நம்பியிருந்தேன்.

முதல் சோதனையில் நண்பரின் நிலையத்தில் இருந்தது ஒரு பழைய டிஎன்சி, அதாவது கணினிக்கும் வானொலிக்கும் நடுவே அமரும் பெட்டி. 2.2 இணைப்பைக் கோரும் 7எஃப் என்ற பதினறும (ஹெக்ஸ்) பைட்டை அனுப்பியதும், 'இந்த ஃபிரேம் எனக்குப் புரியவில்லை' என்று பொருள்படும் 97 திரும்பி வந்தது. அப்படி மறுப்பு வந்தால் 2.0-க்கு இறங்கிவிட வேண்டும் என்று ஆவணமே சொல்வதால், அடுத்து 2.0 இணைப்பைக் கோரும் 3எஃப் அனுப்பினேன். உடனே 73 வந்தது. இணைப்பை ஏற்றதற்கான பதினறும எண்ணாகிய அது, ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் வாழ்த்தும் ஆகும். திரையில் அதைப் பார்த்தபோது உள்ளபடியே நெகிழ்ந்துபோனேன்.

இன்னொரு நிலையம் மறுப்புக்கூடச் சொல்லாமல் மௌனமாக இருந்தது. 1200 பாடு (நொடிக்கு 1200 பிட்) வேகத்தில் ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் பல நொடிகள் வீணாகவே, மூன்று முறை பதில் வராவிட்டால் 2.0-க்கு மாறவும், அந்த நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியை நினைவில் வைத்துக்கொள்ளவும் நிரலைத் திருத்தினேன்.

அமெரிக்க ஹாம் ஆர்வலர்களின் டாப்பர் குழு உருவாக்கிய 1985-ஆம் ஆண்டு டிஎன்சி-2-உம் அதன் வழிவந்த பெட்டிகளும் 2.0-ஐ ஈப்ராம் என்ற நினைவகச் சில்லிலேயே சுமந்திருந்தன. 2.2-க்காக, ஒழுங்காக வேலை செய்யும் பெட்டியைத் திறந்து சில்லைக் கழற்றுங்கள் என்று யாரிடம் கேட்பது? வானில் வரும் வழியில் தரவில் நேரும் பிழைகளைத் திருத்துவதற்காக 2006-இல் எழுதப்பட்ட எஃப்எக்ஸ்.25 என்ற நீட்டிப்பு அப்படி எதையும் கேட்பதில்லை என்பதுதான் அதன் பெரிய பலம் என்று கருதுகிறேன். வழக்கமான ஃபிரேமை அப்படியே நடுவில் விட்டு, முன்னால் 64 பிட் அடையாளத்தையும் பின்னால் திருத்தக் குறியீட்டையும் அது சேர்க்கிறது. பழைய பெட்டி அவ்விரண்டையும் இரைச்சலாகக் கருதி ஒதுக்கிவிட்டு, நடுவில் இருப்பதைப் படித்துக்கொள்கிறது. நண்பரிடம் முன்கூட்டிச் சொல்லாமலே அதை இயக்கிப் பார்த்தேன். அவர் பெட்டியில் செய்திகள் எப்போதும்போல் வந்துகொண்டிருந்தன.

இப்போது என் நிரலில் எஃப்எக்ஸ்.25 எப்போதும் இயங்குகிறது, 2.2-ஐப் புரிந்துகொள்ளும் என்று நான் சோதித்தறிந்த நிலையங்களுக்கு மட்டுமே 7எஃப் போகிறது.