பிடிவலுக் குறைந்த கையும் கைத்துப்பாக்கியும்

அமெரிக்காவில் வேலை விசாவில் இருந்த ஆண்டுகளில் துப்பாக்கி பற்றி யோசிக்கும் தேவையே எனக்கு எழவில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. கிரீன் கார்டு பெற்று, அக்கம்பக்கம் அதிகமில்லாத வீட்டில் தனியாகக் குடியேறிய பிறகே அந்தக் கேள்வி வந்தது. அதற்குள் முடக்குவாதம் என் விரல் மூட்டுகளைப் பிடித்துவிட்டிருந்தது.

கையில் வலுவில்லாதவர்களுக்கு, சுழலும் உருளையில் தோட்டாக்களை வைக்கும் ரிவால்வரே ஏற்றது என்று இங்கே பலரும் சொல்கிறார்கள். முதல் தோட்டாவை ஏற்றுவதற்காக ஸ்லைடை, அதாவது குழலின் மேல் நகரும் உலோகப் பகுதியை, பின்னுக்கு இழுக்கும் வேலை அதில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தோட்டாவை வெடிக்கச் செய்யும் பின்புறச் சுத்தியலை முன்பே பின்னிழுத்து வைக்காமல் சுடும்போது, அதன் ட்ரிக்கரை அழுத்தப் பெரும்பாலும் 4.5 முதல் 5.5 கிலோ வரையிலான அழுத்தம் தேவைப்படுகிறது. அதை ஒற்றை விரல்தான் தர வேண்டும். எடை குறைந்த சிறிய ரிவால்வராக இருந்தால், பின்னுதைப்பு நேராக மூட்டுகளில் இறங்குகிறது.

ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் வகையில் ட்ரிக்கர் இலகு, ஸ்லைடுதான் சிரமம். சிறிய .380 தோட்டாவுக்கான துப்பாக்கி என்றால் ஸ்லைடும் மென்மையாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவற்றில் பல, குழலோடு ஸ்லைடைப் பூட்டும் அமைப்பு இல்லாமல் ஸ்லைடின் எடையையும் சுருள்வில்லின் இறுக்கத்தையும் மட்டுமே நம்பி இயங்குவதால், 9 மி.மீ. துப்பாக்கிகள் சிலவற்றைவிடக் கடினமாகவே இருக்கின்றன. ஸ்மித் அண்ட் வெஸன் 2018இல் வெளியிட்ட .380 ஷீல்டு ஈஸி, ஸ்லைடை எளிதாக இழுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதன் கைப்பிடியின் பின்புறம் உள்ள பாதுகாப்புப் பொறியை உள்ளங்கை முழுதாக அழுத்தாவிட்டால் அது சுடாது என்பதையும் எங்களைப் போன்றோர் கவனிக்க வேண்டும்.

ஸ்லைடை இரு விரல்களால் கிள்ளி இழுப்பதைவிட, துப்பாக்கியை மார்பருகே கொண்டுவந்து, குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, ஒரு கையால் ஸ்லைடை மேலிருந்து பற்றிக்கொண்டு மறு கையால் துப்பாக்கியை முன்னே தள்ளுவது மேல்; விரல் வலுவின் குறையைத் தோள் ஈடுசெய்கிறது. ஆனால் சுடும் கணத்தில் பிடி தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்சென்று திரும்பாமல் தோட்டா சிக்கிக்கொள்ளக்கூடும். அதை விடுவிக்க மீண்டும் அதே ஸ்லைடை, இம்முறை பதற்றத்தோடு, இழுக்க வேண்டும்.

பயிற்சிக் களத்துக்குப் பெரும்பாலோர் மூட்டுகள் இளகிய மாலையில் செல்கிறார்கள். முடக்குவாதக்காரருக்கு விறைப்பு மிகுவதோ தூங்கி எழும்போதுதான். வீட்டில் ஆபத்து வரும் என்று நாம் அஞ்சும் நேரமும் பெரும்பாலும் அதுவே. ஆகவே வாங்குமுன், மருந்து வேலை செய்யத் தொடங்காத அதிகாலையிலும், வெறுமையாக்கிச் சரிபார்த்த துப்பாக்கியில் ஸ்லைடையும் ட்ரிக்கரையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த நேரத்தில் என் கை ஸ்லைடை முழுதாக இழுக்கவில்லை. எனவே இப்போதைக்குக் கதவுச் சட்டத்தை நீண்ட திருகாணிகளால் வலுப்படுத்தி, வெளியே அசைவறிந்து எரியும் விளக்குகளைப் பொருத்தி, 911ஐ அழைக்கக் கைபேசியைப் படுக்கையருகே வைத்திருக்கிறேன்.