அவசரகாலத் திட்டம்: ஒத்திகை வரையிலான நாட்குறிப்பு

மார்ச் 3
நிறுவனத்தின் அவசரகாலத் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து ஒரு வாரமாகிறது. தீ, வெள்ளம், நிலநடுக்கம் என்று ஆபத்துக்கு ஓர் அத்தியாயமாக எழுதத் தொடங்கி, நான்காவதில் நிறுத்திவிட்டேன். எது நேர்ந்தாலும் நாங்கள் இழக்கக்கூடியவை கட்டடம், ஆட்கள், கணினிகள், பொருள் வழங்குவோர் ஆகிய நான்கினுள் அடங்கிவிடுகின்றன. ஆகவே எந்தப் பணி நின்றால் எவ்வளவு நேரம் தாங்குவோம் என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

மார்ச் 6
துறைத் தலைவர்களைக் கேட்டால், தம் பணி ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது என்றே ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். "நீங்கள் விடுப்பில் இருந்தபோது எது தேங்கியது?" என்று கேள்வியை மாற்றிய பிறகுதான் உண்மையான வரிசை கிடைத்தது. சம்பளப் பட்டியல் மாதத்தின் பெரும்பகுதியில் காத்திருக்கும். கடைசி இரண்டு நாட்களில் காத்திராது. கணக்குத் தரவு இரவில் மட்டுமே நகலெடுக்கப்படுவதால், மாலையில் சர்வர் பழுதானால் அன்றைய பதிவுகள் முழுவதும் போய்விடும் என்பது அந்தத் துறைக்கே இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 11
அந்த நகல் இருப்பதும் இதே கட்டடத்தில். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, காப்பு நகலையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் ஒருசேர இழந்தார்கள்.

மார்ச் 17
2000ஆம் ஆண்டு இதே நாளில் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் இருந்த பிலிப்ஸ் சில்லு ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. தீ விரைவில் அணைந்தாலும், தூசி புகாத உற்பத்தி அறைகள் கெட்டுப்போயின. அங்கிருந்து சில்லு வாங்கிவந்த கைபேசி நிறுவனங்களில் நோக்கியா உடனே மாற்று வழி தேடியது. மாற்று வழங்குநர் இல்லாத எரிக்சன் பேரிழப்பைச் சந்தித்தது. எங்களுக்கு இரண்டாவது வழங்குநர் இருக்கிறார் என்றார் கொள்முதல் மேலாளர். விசாரித்தால், அவரும் மூலப்பொருளை முதலாமவர் வாங்கும் அதே ஆலையிலிருந்துதான் வாங்குகிறார்.

மார்ச் 24
முன்னறிவிப்பின்றி ஒத்திகை நடத்தினோம். கட்டடம் விரைவாகவே காலியாயிற்று. குழப்பமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆள் கணக்கு எடுக்க வேண்டிய வருகைப் பதிவேடு வரவேற்பு மேசையிலேயே கிடந்ததால், உள்ளே விருந்தினர் எவரேனும் இருக்கிறார்களா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தொலைபேசிப் பட்டியலோ, நாங்கள் "எரிந்துவிட்டது" என்று வைத்துக்கொண்ட அதே சர்வரில் இருந்தது. மின்தூக்கியை நிறுத்திவிட்டதால், படியிறங்க இயலாத சக ஊழியர் மூன்றாம் தளத்திலேயே காத்திருந்தார். அவரை அழைத்துவரப் பொறுப்பானவர் இன்று விடுப்பு. திட்டத்தில் அவருக்கு மாற்று ஆளை நான் எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து என்ன செய்வதென்று எல்லாரும் என்னிடமே வந்து கேட்டார்கள்.

மார்ச் 25
ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு மாற்று ஆட்களைச் சேர்த்தேன். தொலைபேசிப் பட்டியல் இனி அச்சுப் பிரதியாகத் தளப் பொறுப்பாளர்களின் வீட்டிலும் இருக்கும். அடுத்த ஒத்திகையின்போது எனக்கு விடுப்பு தருமாறு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன்.