வரிக் கடிதம்: பெயர் மட்டும் மாறினால் போதாது

இலங்கையில் செப்டெம்பர் நெருங்கினால் வருமான வரிக் கணக்குப் பார்க்கும் சின்னக் கந்தோர்களில் இருந்து எல்லோருக்கும் ஒரே கடிதம்தான் போகும்: "தேவையான ஆவணங்களை விரைவில் கொண்டுவரவும்." நிலாவெளியில் விடுதி நடத்துபவருக்கும் அதே வசனம், வங்கி வட்டியில் காலம் தள்ளும் ஓய்வுபெற்ற ரீச்சருக்கும் அதே வசனம். இரண்டு பேரும் வெறுங்கையோடு வந்து நிற்பார்கள்.

ஆளுக்கேற்ப மாற வேண்டியது, எதைக் கொண்டுவருவது என்ற பகுதிதான். எக்செல் பட்டியலில் சம்பளம், வாடகை, வட்டி, தொழில் என நாலு நிரல் போட்டு ஆம், இல்லை என்று நிரப்புங்கள். பட்டியலில் உள்ள விபரங்களை ஆளாளுக்குக் கடிதத்தில் தானாக நிரப்பும் வேர்ட் மெயில் மேர்ஜில் 'இஃப்' (இப்படியிருந்தால் மட்டும்) விதி வைத்தால், வட்டி 'ஆம்' என்றவருக்கு மட்டும், 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான வட்டிக்கும் வங்கி கழித்த 10% வரிக்கும் சான்றிதழ் கேட்கும் பந்தி வரும். ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாவைத் தாண்டாதவர் வங்கி கழித்த அந்த வரியை மீளக் கேட்கலாம். ரீச்சரின் கடிதத்தில் அது முதல் வசனமாக இருக்கட்டும். சம்பளக்காரரிடம், சம்பளத்தையும் அதில் கழித்த வரியையும் காட்டி வேலை கொடுப்பவர் தரும் டி10 பத்திரம் கேளுங்கள். வீடு வாடகைக்கு விட்டவரிடம் பெயின்ட் பில்லைக் கட்டுக்கட்டாகக் கேட்காதீர்கள், அந்தத் திருத்தச் செலவுக்குத்தான் வாடகையில் 25% கழிவு இருக்கிறது.

திகதி இரண்டையும் எழுதுங்கள். மிச்ச வரி கட்ட செப்டெம்பர் 30, வருமான விபரத்திரட்டு (ரிட்டர்ன்) ஒப்படைக்க நவம்பர் 30. நவம்பரை மட்டும் எழுதினால் வட்டி ஏறிய பிறகுதான் ஆள் வருவார்.

தமிழில் மேர்ஜ் செய்யும்போது வேறொரு தலையிடி: வேற்றுமை உருபு. பெயருக்குப் பின்னால் நேரே 'க்கு' ஒட்டினால் 'சிவலிங்கம்க்கு' என்று அச்சாகும். 'அவர்களுக்கு' என்று பிரித்துவிட்டால் தப்பலாம். திரு, திருமதி, ஜனாப் என்பதற்குத் தனி நிரல் வேண்டும். முஸ்லிம்கள் கூடுதலாக வாழும் மூதூர், கிண்ணியா கடிதங்களில் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தலைப்பெழுத்தை ஆங்கிலத்தில் இருந்து ஊகிக்காதீர்கள். 'எஸ்' என்பது ச, சி, செ, சு எதுவாகவும் இருக்கலாம், கையெழுத்தைப் பார்த்து எழுதுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றாமல் இணைத்தால் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

12 இலக்க அடையாள அட்டை எண்ணை எக்செல் சுருக்கி 1.98 என்று தொடங்கும் ஏதோ ஒன்றாகக் காட்டும். நிரலை முதலே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டுத் தட்டுங்கள். தொகையில் காற்புள்ளி வராவிட்டால் வேர்டில் ஆல்ட்டும் எஃப் 9-உம் அழுத்தி, அந்தத் தொகை வரும் புலத்தின் குறியீட்டுக்குள் \# "#,##0.00" சேர்க்க வேண்டும்.

இதில் உண்மையான ஆபத்து, பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து அகரவரிசைப்படுத்துவது. ஒருவரின் வருமானம் இன்னொருவர் கடிதத்தில் போய்விடும். எக்செல் எச்சரிக்கும், அவசரத்தில் யார் வாசிக்கிறார்கள்? அச்சிட முன் நடுவில் இருந்து ஐந்து கடிதத்தை எடுத்துக் கோவையோடு ஒப்பிடுங்கள்.

கடிதத்தின் அடியில் இரண்டு விரல் இடம் விட்டு, அந்த ஆளுக்கென்றே பேனாவால் ஒரு வரி எழுதுங்கள், இப்படி: "வாடகை ஒப்பந்தம் ஜூனோட முடிஞ்சுது, புதுசையும் கொண்டு வாங்கோ."