நீற்றறையில் ஒரு நிழல்

செய்வினை உண்டா இல்லையா என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. நமக்குக் கேடு வரவேண்டும் என்று ஒருவர் மனதார விரும்பினார் எனத் தெரிந்துவிட்டால், தூக்கம் போக அதுவே போதும்.

செட்டிநாட்டில் பங்கு வீடுகள் அதிகம். வளவு என்னும் ஒரே உள்முற்றத்தைச் சுற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு ஆணின் குடும்பத்துக்கும், ஓர் அறை. எங்கள் வீட்டில் ஒரு பங்கை விற்பது குறித்த பேச்சு முற்றியிருந்தபோது, வாசற்படியில் ஊசி குத்திய எலுமிச்சம்பழமும் சுருட்டிய செப்புத் தகடும் கிடந்தன. அந்த வாரமே என் கணவருக்குக் கடும் காய்ச்சல். உறவில் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். எங்கள் பங்காளிகளில் மூத்தவரின் பெயர்.

மாந்திரீகரை அழைக்கச் சொன்னார்கள். "எடுப்பதோடு விடமாட்டார், வைத்தவர் வாசலுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்" என்றார்கள். எனக்குத் தகட்டைவிட அந்தப் பேச்சுதான் அச்சமூட்டியது. நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு, இன்னொரு வீட்டில் காய்ச்சல் வரட்டும் என்று காசு கொடுப்பதா? மறுத்துவிட்டேன்.

மாமியார் கோபிக்கவில்லை. வைரவன்பட்டிக்குப் போய் வைரவருக்கு அர்ச்சனை செய்து வந்தார். "கோளறு பதிகமாவது படி, ஆத்தா" என்றார். படித்தேன். திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட ஞானசம்பந்தரை, நாளும் கோளும் சரியில்லை, எதிர்ப்பவர்களின் வஞ்சனைக்கு அளவில்லை என்று தடுத்தவர் அப்பர். அதற்குச் சம்பந்தர் தந்த மறுமொழிதான் அந்தப் பதிகம். நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் இட்டது என அனைத்தையும் கடந்து வந்தவர் அப்பர். தமக்கென்று அஞ்சாத அவர் பிள்ளைக்காக அஞ்சினார். மாமியாரின் பதைப்பு எனக்கு அப்போது விளங்கியது.

ஆனால் என்னைத் தாங்கியது அப்பரின் வேறொரு பதிகம். பல்லவ மன்னன் ஆணைப்படி அவரை ஏழு நாள் நீற்றறையில் அடைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. நீற்றறை என்றால் சுண்ணாம்புக் காளவாய். சுண்ணாம்பு எங்களுக்குப் பழகிய பொருள். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசி, கண்ணாடிபோல் மின்னும் சுவர்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான். சிறுவயதில் வீட்டை மராமத்து செய்தபோது, சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியதும் அது குமுறிக் கொதித்ததைப் பார்த்திருக்கிறேன். எட்டி நின்றாலும் முகம் எரியும். சுண்ணாம்பு வேகும் அறைக்குள் இருந்துகொண்டு ஒருவர் மாலை நிலவையும் வீசும் தென்றலையும் இளவேனிலையும் சொல்லி, ஈசனின் இணையடி நிழல் அப்படி இருக்கிறது என்று பாடுகிறார்!

அந்தப் பாட்டில் நெருப்பு அணைய வேண்டும் என்ற கோரிக்கை இல்லை. அடைத்தவன் மீது சாபமும் இல்லை. நிற்கிற இடம் இன்னது என்று சொல்கிறார், அவ்வளவுதான். ஊசி குத்தியவரின் மனத்தை என்னால் மாற்ற முடியாது. நான் எவருடைய நிழலில் இருக்கிறேன் என்பதை வாசற்படியில் கிடக்கும் எதுவும் மாற்றிவிடாது. இதைப் புத்தியால் முன்பே அறிவேன். காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டைச் சொன்ன இரவில்தான் அது உடம்புக்குள் இறங்கியது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

காய்ச்சல் மருத்துவரின் மாத்திரையில் தணிந்தது. எலுமிச்சம்பழத்தை நானே எடுத்துக் குப்பையில் போட்டேன். பங்குத் தகராறு இன்னும் முடியவில்லை, பேச்சுவார்த்தையில் கசப்பும் குறையவில்லை.

திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. 21 நூல்களைத் திரித்த இழையை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம். எங்களுக்கு அதைக் கொடுப்பவர் அந்த மூத்த பங்காளிதான். இந்த முறை அவர் கையால் வாங்க வேண்டாம் என்று சிலர் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் அவரிடமே வாங்கிக்கொள்ளப் போகிறேன்.